சாப்பாட்டு நேரமும் மருந்து நேரமும்: சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் வீட்டில் கையாள முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோய்க்கு எந்த மருந்து எழுதிக் கொடுத்தாலும், அதைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு: நான் சாப்பிடாமல் இருந்தாலும் இது சர்க்கரையைக் கீழே இழுக்குமா? இழுக்கும் என்றால் அந்த மருந்துக்குச் சாப்பாட்டு நேரம்தான் எஜமான். இழுக்காது என்றால் அரை மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் பெரிய ஆபத்தில்லை. மருந்துச் சீட்டில் "1-0-1" என்று இருக்குமே தவிர இந்த விவரம் இருக்காது. கேட்டால் சொல்வார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதல் வகை நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்குக் கணக்கு வேறு. எத்தனை மில்லிகிராம், எத்தனை யூனிட் என்பதை இங்கே தேட வேண்டாம். அது உங்கள் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. எப்போது, எப்படி, எதோடு, தவறிப்போனால் என்ன செய்வது என்பவை மட்டுமே இங்கே.

படி 1: வீட்டிலுள்ள மருந்துகளை எல்லாம் மேசையில் கொட்டுங்கள்

அலமாரி, கைப்பை, தலையணைக்கு அடியில், பூஜை அறை என எங்கெங்கே மாத்திரை அட்டைகள் இருக்கின்றனவோ எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உங்களுக்கு வேண்டியது சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப்பெயர்: மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, சிட்டாகிளிப்டின் என்று. எழுத்து தெரியவில்லை என்றால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒரு நோட்டில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: பொதுப்பெயர், மில்லிகிராம், எந்த வேளை, யார் எழுதிக் கொடுத்தது. நான்காவது விவரத்தை யாரும் எழுதுவதில்லை. ஆனால் பல வீடுகளில் சிக்கல் அதில்தான் இருக்கிறது. சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் என்று பார்க்கும்போது ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வந்து சேர்ந்துவிடும். சிட்டாகிளிப்டினின் காப்புரிமை 2022-இலும் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025-இலும் இந்தியாவில் முடிந்த பிறகு, இவற்றைப் பல கம்பெனிகள் வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன. விலை இறங்கியது நல்லது. பெயர்கள் பெருகியது குழப்பம்.

தமிழ்நாட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதே பெரியவர் தனியார் மருத்துவரிடமும் போய்க் கூட்டு மாத்திரை வாங்கி வந்தால், அரசு தந்த மெட்ஃபார்மினும் கூட்டு மாத்திரைக்குள் இருக்கும் மெட்ஃபார்மினும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். அரசு மருந்து தரம் குறைந்தது என்று நினைத்து அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். பொதுப்பெயர் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றுதான்.

நம் ஊரில் கூட்டு மாத்திரை அதிகம். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது சர்வ சாதாரணம்; அதோடு வோக்ளிபோஸ் அல்லது பயோகிளிட்டசோன் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டும் உண்டு. பெயரின் வாலில் வரும் 1, 2 என்ற எண் பெரும்பாலும் கிளிமிபிரைடின் மில்லிகிராம். கடையில் "1 இல்லை, 2 தரட்டுமா?" என்று கேட்டால் சரி என்று தலையாட்டாதீர்கள். அது மருந்தை இரட்டிப்பாக்குவது.

படி 2: எது சாப்பாட்டோடு கட்டப்பட்டது, எது இல்லை

முதலில் கவனமாகக் கையாள வேண்டியவை: கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு. இவை கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவை பார்ப்பதில்லை. ஆகவே இவற்றைச் சாப்பாட்டுக்குச் சற்று முன், உணவு தயாராகிவிட்டது என்று உறுதியான பிறகு விழுங்குங்கள். காலையில் எழுந்ததும் விழுங்கிவிட்டு நடைப்பயிற்சிக்குப் போய், வழியில் நண்பரைப் பார்த்துப் பேசி, பத்து மணிக்கு இட்லி சாப்பிட உட்காருவது இவற்றோடு செய்யக் கூடாத காரியம். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இவற்றின் வேலை நீண்டு நிற்கும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் கூடச் சேர்ந்தால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம். காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ மருந்து வாங்கும்போது "சர்க்கரைக்கு இந்த மாத்திரை போடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

மெட்ஃபார்மின் இதற்கு நேர்மாறு. தனியாக எடுத்துக்கொண்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்காது. அதன் சண்டை வயிற்றோடு: குமட்டல், பேதி, வாயில் உலோகச் சுவை. சாப்பாட்டின் நடுவிலோ முடித்த உடனேயோ எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சில வாரங்களில் உடலும் பழகிக்கொள்ளும். பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அதை உடைக்கவோ நசுக்கவோ மெல்லவோ கூடாது. சில நாட்களில் அதன் கூடு மலத்தோடு முழுதாக வெளியேறுவதைப் பார்த்து "மாத்திரை கரையவே இல்லை" என்று பயப்படுபவர்கள் உண்டு. மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வந்தது வெறும் கூடுதான்.

மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையக்கூடும். கால் மரத்துப்போவதை "சர்க்கரையால் வந்தது" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதில் ஒரு பங்கு பி12 குறைவாகவும் இருக்கலாம். சைவ உணவுக்காரர்கள் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது. சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கு மெட்ஃபார்மின் ஆகாது. சாய மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா, எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்வதால் இப்போது நிறைய எழுதுகிறார்கள். மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை எப்போதும் நிறையவே காட்டும்; அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், கலங்க வேண்டாம். பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம்; ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்லுங்கள். மூன்றாவதுதான் பெரிது: பட்டினி, கடும் வாந்தி, அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் இந்த மருந்து, கொழுப்பு உடைவதால் உண்டாகும் கீட்டோன் அமிலத்தை ரத்தத்தில் சேரவிடலாம். அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை மிக அதிகமாக இல்லாமலும் இருக்கலாம். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு மூன்று நாட்களுக்கு முன்பே இதை நிறுத்தச் சொல்வது வழக்கம். பல் மருத்துவரிடம் பெரிய சிகிச்சைக்குப் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், லினாகிளிப்டின் ஆகியவை சாதுவானவை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலை வேண்டாம். பயோகிளிட்டசோன் எடுப்பவர்கள் கால் வீக்கத்தையும் மூச்சு வாங்குவதையும் கவனிக்க வேண்டும். அகார்போஸும் வோக்ளிபோஸும் முதல் வாய் உணவோடு போனால்தான் பயன். சாப்பிட்டு முடித்த பிறகு விழுங்குவது வீண். மாத்திரையாக வரும் செமாகிளூட்டைடு வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேற்படாத தண்ணீரில்; அதன் பிறகு அரை மணி நேரம் காபிகூடக் கிடையாது. காலைக் காபியை விட மனமில்லாதவர்கள் இதை மருத்துவரிடம் நேர்மையாகச் சொல்லிவிடுவதே மேல்.

சிறுகுறிஞ்சான் பொடி, வெந்தயம், பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம் எடுப்பவர்கள் பலர். இவற்றில் சில உண்மையிலேயே சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடியவை. அதனால்தான் மாத்திரையோடும் இன்சுலினோடும் சேரும்போது கவனம் தேவை. எடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள்.

படி 3: நாளுக்கு ஓர் ஒழுங்கு

ஏழு நாள், மூன்று வேளை அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் நிரப்ப, இன்னொருவர் சரிபார்க்கட்டும். "காலை மாத்திரை போட்டேனா?" என்ற கேள்விக்குப் பெட்டி பதில் சொல்லும். பெட்டி இல்லை, நினைவும் இல்லை என்றால் இரண்டாவது முறை போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் சர்க்கரை சற்று ஏறும், அவ்வளவுதான். இரண்டு முறை போட்டால் இறங்கும். இறங்குவது உடனடி ஆபத்து.

மறந்துவிட்ட வேளைக்கும் விதி எளிது. மெட்ஃபார்மின் என்றால் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் நினைவு வந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் அடுத்த சாப்பாட்டோடு அந்த வேளைக்கு உரியதை மட்டும். கிளிமிபிரைடு வகையை மறந்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கடந்துவிட்டால் விட்டுவிடுங்கள். இரவு இன்சுலினை மறந்து காலையில் நினைவு வந்தால் மருத்துவமனைக்குப் பேசிக் கேளுங்கள். இரண்டு வேளை அளவைச் சேர்த்துப் போடுவது எந்த மருந்திலும் கிடையாது.

பரிசோதனை நாளில் குழப்பம் இன்னும் அதிகம். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கு முன் காலை மாத்திரையும் காலை இன்சுலினும் வேண்டாம். ரத்தம் கொடுத்த பிறகு, வழக்கமான மருந்தை எடுத்து, வழக்கமான உணவைச் சாப்பிட்டு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம். மருந்தை எடுக்காமல் பார்த்தாலோ, அன்றைக்கு மட்டும் மூன்று இட்லியை ஒன்றாகக் குறைத்தாலோ வரும் எண் யாருக்கும் உதவாது.

வீட்டில் குளுக்கோமீட்டர் பார்ப்பவர்கள் கையைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்த பிறகு குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் பார்த்தால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். விரலின் நடு முனையைவிடப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள். ஈரக்காற்று அதைக் கெடுத்துவிடும்.

பொதுவான இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180-க்குள், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குள். எண்பது வயதில் தனியாக இருக்கும் பாட்டிக்கு இதே இலக்கு வைப்பது கொடுமை. அவருக்குச் சர்க்கரை சற்று ஏறி இருப்பதைவிட, இறங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது பெரிய கேடு. இலக்கு என்ன என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

படி 4: இன்சுலின் குப்பியும் சிரிஞ்சும் பொருந்துகின்றனவா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்தியாவில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் விற்கிறது. சிரிஞ்சால் எடுத்துப் போடும் 10 மில்லி குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்டவை. இன்சுலின் பேனாவுக்கான (பேனா வடிவ ஊசிக் கருவி) 3 மில்லி குழாய்களும் சில குப்பிகளும் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் அப்படியே இரண்டு வகை: யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யூ-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மங்கிய விளக்கில் இந்த இரண்டு நிறங்களும் ஒன்றுபோலவே தெரியும்.

மருத்துவர் 20 யூனிட் சொல்லியிருக்கிறார். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை ஏறும், "டோஸ் போதவில்லை" என்று கூட்டுவார்கள். மறுபக்கம் இதைவிடப் பயங்கரம்: 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். பேனா பழுதாகிவிட்டது என்று பேனாக் குழாயிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுபவர்களுக்கு நேர்வது இதுதான். குழாயிலிருந்து ஒருபோதும் சிரிஞ்சால் எடுக்காதீர்கள்.

ஆகவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடை வாசலிலேயே குப்பியில் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூடி நிறம் துணைச் சான்று, எண்தான் சாட்சி. குப்பியிலிருந்து பேனாவுக்கு மாறும்போது யூனிட் எண்ணிக்கை அதேதான் என்றாலும், பழைய சிரிஞ்சுகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

அடுத்தது வகை. தெளிந்த ரெகுலர் இன்சுலினும், 30/70 என்று பெயர் பெற்ற கலங்கலான ஹியூமன் இன்சுலின் கலவையும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன். அஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற வேக இன்சுலின்கள் சாப்பிட உட்காரும்போது. கிளார்ஜின், டெக்ளூடெக் போன்ற நீண்ட நேர இன்சுலின்கள் சாப்பாட்டைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கின்றன: தினமும் ஒரே நேரம். கிளார்ஜினை வேறெந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. ஒரே வீட்டில் வேகப் பேனாவும், நீண்ட நேர இன்சுலின் உள்ள இரவுப் பேனாவும் இருந்தால் ஒன்றில் வண்ண நாடாவையோ ரப்பர் வளையத்தையோ மாட்டிவிடுங்கள். இரவுப் பேனாவுக்குப் பதில் வேகப் பேனாவைப் போட்டுக்கொண்டு படுப்பது உயிரோடு விளையாடும் தவறு. அப்படி நடந்துவிட்டால் தூங்காதீர்கள். உடனே ஏதாவது சாப்பிட்டு, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே மருத்துவமனையை அழையுங்கள்.

படி 5: ஊசி போடும் முறை

கையைக் கழுவி, பெயரையும் காலாவதித் தேதியையும் படியுங்கள். கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கு இடையில் பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகத் தலைகீழாக்குங்கள். பால்போல ஒரே சீராக வர வேண்டும். குலுக்கினால் நுரைத்து அளவு பிசகும். தெளிந்த இன்சுலினுக்கு இது தேவையில்லை; தெளிந்தது கலங்கியிருந்தால், கலங்கலில் கட்டிகள் மிதந்தால், தூக்கி எறியுங்கள்.

குப்பி என்றால் எத்தனை யூனிட் வேண்டுமோ அத்தனை கோடு காற்றை இழுத்துக் குப்பிக்குள் செலுத்தி, குப்பியைத் தலைகீழாக்கி மருந்தை இழுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றுங்கள். பேனா என்றால் புதிய ஊசியைத் திருகி, முதலில் 2 யூனிட் வைத்து மேல் நோக்கி அழுத்துங்கள். ஊசி முனையில் ஒரு துளி தெரிந்த பிறகே உங்கள் அளவைத் திருப்புங்கள். துளி பார்ப்பதை "வீண் செலவு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஊசி அடைத்திருந்தால் நீங்கள் போட்டது வெறும் நம்பிக்கை மட்டுமே.

இடம்: தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டு வயிறு, தொடையின் வெளிப்புறம், பிட்டத்தின் மேற்புறம். 4 மில்லிமீட்டர் பேனா ஊசியைப் பெரும்பாலோர் நேராகவே குத்தலாம், தோலைக் கிள்ளிப் பிடிக்கத் தேவையில்லை. சிரிஞ்சு ஊசி நீளமானது. தோலை மெல்லக் கிள்ளித் தூக்கிக்கொண்டு குத்துங்கள். அழுத்தி முடித்ததும் பத்து வரை எண்ணிவிட்டு எடுங்கள். தேய்க்க வேண்டாம். சட்டை, புடவை மேலாகக் குத்துவது வேண்டாம்.

வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகும். வலிக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டிக்குள் போன இன்சுலின் எப்போது, எவ்வளவு ரத்தத்துக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காரணமில்லாமல் சர்க்கரை ஏறி இறங்குகிறது என்றால் டோஸை மாற்றுவதற்கு முன் வயிற்றைத் தடவிப் பாருங்கள். வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் தள்ளி என்று சுற்றி வாருங்கள். கட்டியிலிருந்து நல்ல தோலுக்கு மாறும்போது அதே டோஸ் திடீரென்று வேகமாக வேலை செய்யும். மாறும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசியை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும் என்பதே விதி. செலவு கருதித் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. முனை மழுங்க மழுங்க வலியும் கட்டியும் கூடும். இன்னொருவர் ஊசியையோ பேனாவையோ, கணவன் மனைவியாக இருந்தாலும், பகிரக் கூடாது. ஊசியை மாற்றினாலும் பேனாவைப் பகிர்வது கூடாது.

கண்புரை உள்ளவர்கள் பேனாவின் எண்ணைச் சரியாகப் படிக்கிறார்களா என்று வாரம் ஒருமுறையாவது வீட்டில் ஒருவர் கூட நின்று பாருங்கள். 6-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுக்கு 16-உம் 18-உம் ஒன்றுதான்.

படி 6: குளிரும் சித்திரை வெயிலும்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜின் கதவுத் தட்டு ஏற்ற இடம். ஃப்ரீசருக்குள் வைக்கக் கூடாது, அதை ஒட்டியும் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிப் பழைய தோற்றத்துக்கு வந்தாலும் பயனற்றது.

பயன்பாட்டில் இருப்பதை அறையிலேயே வைக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு 30 டிகிரிக்குள், சுமார் 28 நாட்கள். சரியான கணக்கு பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளில் இருக்கும். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதிவிடுங்கள். வேலூர், திருச்சி, மதுரை மே மாதத்தில் 30 டிகிரி என்பது கனவு. அப்போது குப்பியை ஃபிரிட்ஜ் கதவிலேயே வைத்து, போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். சில்லென்ற இன்சுலின் எரியும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண் பானை நல்ல துணை. பெரிய மண் சட்டியில் ஈர மணல் பரப்பி, அதன் மேல் சிறு சட்டி வைத்து, அதற்குள் நீர் புகாத டப்பாவில் இன்சுலினை வைத்து மூடி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். உலர்ந்த உள்மாவட்டங்களில் இது நன்றாகக் குளிரும். சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக்காற்றுக் கடலோரத்தில் பலன் குறைவு.

மின்சாரம் நான்கைந்து மணி நேரம் போனதற்காக இன்சுலினைக் கொட்டிவிடாதீர்கள். ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும். வெயிலில் நிறுத்திய காரின் முன்தட்டு, பஸ்ஸின் எஞ்சின் பக்கம், ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி ஆகியவைதான் உண்மையான எதிரிகள். கடையிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பொட்டலம் கொடுத்தால் அது இன்சுலினை நேராகத் தொடாதபடி நடுவில் துணி வையுங்கள். விமானத்தில் கைப்பையில்தான், மருந்துச் சீட்டோடு.

படி 7: சர்க்கரை இறங்கிவிட்டால்

70-க்குக் கீழ் என்றால் இறக்கம். 54-க்குக் கீழ் கடும் இறக்கம். நெஞ்சு படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், கொடும்பசி எல்லாம் பலருக்குத் தெரிந்த அறிகுறிகள். பெரியவர்களிடம் அது வேறு வேடத்தில் வரும்: காரணமில்லாத கோபம், உளறல், நடையில் தள்ளாட்டம், "ஒன்றுமில்லை, விடு" என்று முறைப்பது. ரத்த அழுத்தத்துக்காகச் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்குப் படபடப்பே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும். இரவில் இறங்கினால் கெட்ட கனவு, நனைந்த தலையணை, காலையில் தலைவலி.

மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழ் என்றால் மறுபடி அதே அளவு. ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ சோறோ சாப்பிடுங்கள். இல்லையென்றால் மறுபடி இறங்கும். சாக்லேட்டும் பால்கோவாவும் இந்த நேரத்துக்கு உதவா. கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.

வீட்டுச் சர்க்கரையும் தேனும் பெரும்பாலோருக்குப் போதும் என்றாலும், சுவை சேர்க்காத குளுக்கோஸ் பவுடரையே வாங்கி வைக்கச் சொல்வேன். வோக்ளிபோஸோ அகார்போஸோ எடுப்பவர்களின் குடலில் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் உடையும். குளுக்கோஸ் அப்படியே ஏறும். தங்கள் மூன்று மருந்துக் கூட்டு மாத்திரைக்குள் வோக்ளிபோஸ் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு பொட்டலம் சமையலறையில், ஒன்று படுக்கையருகில், ஒன்று வண்டியில், ஒன்று கைப்பையில்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு வகையால் வந்த இறக்கம், குளுக்கோஸ் கொடுத்து ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். "தெளிந்துவிட்டார்" என்று மருத்துவமனையிலிருந்து அவசரமாக அழைத்து வராதீர்கள்.

படி 8: காய்ச்சல், விரதம், கல்யாணப் பந்தி

வாந்தி பேதி என்றால் மெட்ஃபார்மினையும் டாபாகிளிஃப்ளோசின் வகையையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். சாப்பிடவே முடியவில்லை என்றால் கிளிமிபிரைடும் ஆபத்து. ஆனால் இன்சுலினை, குறிப்பாக நீண்ட நேர இன்சுலினை, நீங்களாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும். அளவு குறையலாம், அதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முதல் வகை நோயுள்ளவர் இன்சுலினை ஒரு நாள் விட்டாலும் உயிருக்கு ஆபத்து. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள், உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, மூச்சு ஆழமாக வாங்குகிறது, மயக்கமாக இருக்கிறது என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். முழங்காலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சஷ்டி, ஏகாதசி விரதத்துக்கும் ரமலான் நோன்புக்கும் முந்தைய நாள் இரவு அல்ல, சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் வேளையும் அளவும் மாற வேண்டியிருக்கும். நோன்பின் நடுவில் 70-க்குக் கீழோ 300-க்கு மேலோ போனால் முறித்துவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டல். முறிக்கத் தயங்கிப் பார்க்காமலே இருப்பவர்களைத்தான் வீட்டார் கவனிக்க வேண்டும்.

கல்யாணத்தில் சிக்கல் இனிப்பு அல்ல, தாமதம். "இதோ பந்தி தொடங்கப் போகிறது" என்ற சொல்லை நம்பி 30/70 ஊசியைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்காதீர்கள். வேக இன்சுலின் என்றால் இலை போட்டுச் சோறு கண்ணில் பட்ட பிறகு. 30/70 என்றால் மண்டபத்தில் யாரையாவது கேட்டு முதல் பந்தியிலேயே இடம் பிடியுங்கள். உறவினர்கள் நகைத்தால் நகைக்கட்டும். மது அருந்துபவர்களுக்கு இறக்கம் பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் தூக்கத்தில் வரும். வெறும் வயிற்றில் குடிப்பது இன்சுலினோடும் கிளிமிபிரைடோடும் சேராது.

படி 9: பயன்படுத்திய ஊசிகள்

கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில், மூடியில் துளையிட்டுப் போடுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் இறுக மூடி, "ஊசிகள்" என்று எழுதி, நீங்கள் போகும் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் தூய்மைப் பணியாளரிடம் தனியாக, சொல்லிக் கொடுங்கள். காய்கறிக் குப்பைக்குள் தளர்வாகப் போட்ட ஊசி கையுறை இல்லாத யாரோ ஒருவர் கையில்தான் ஏறும்.

படி 10: அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது

படி 1-இல் எழுதிய நோட்டு, எல்லா மாத்திரை அட்டைகளும் கொண்ட பை, குளுக்கோமீட்டர், பேனா அல்லது சிரிஞ்சு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை தொடர்ந்து ஏறியிருந்தால், இரவு டோஸைக் கூட்டச் சொல்வதற்கு முன் ஓரிரு நாட்கள் அதிகாலை 3 மணிக்கும் பார்த்து எழுதி வையுங்கள். இரவில் இறங்குகிறதா என்று தெரியாமல் கூட்டுவது ஆபத்து. தவறவிட்ட வேளைகளை மறைக்காதீர்கள். பாதி நாட்கள் போடாததைச் சொல்லாமல் இருந்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள். விலை தாங்கவில்லை என்றால் அதையும் சொல்லி, அதே பொதுப்பெயரில் மலிவான மருந்து முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ கிடைக்குமா என்று கேளுங்கள். நான் ஊசி போடும் முறையை ஒருமுறை பாருங்கள் என்று செவிலியரிடம் கேட்டு, அவர் முன்னால் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.